பிழை விட ஒரு பலகை

முதலில் மணம்தான் வந்தது. பிளாஸ்டிக் கருகும் மணம்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த கம்சாயினி கையிலிருந்த பேனாவை வெண்பலகைக்குக் கீழே எறிந்துவிட்டு ஓடினாள். செங்கலடியில் பதுளை வீதியோரம் இருந்த அந்த வாகன வயரிங் பயிற்சி நிலையத்தின் முற்றத்தில், வேப்பமரத்தின் கீழே, நீல நிற ஆட்டோ ஒன்று நின்றது. அதன் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து புகை சுருண்டு சுருண்டு வந்தது. பக்கத்தில் மாணவி சுஜீவா. இரண்டு கைகளும் காற்றில் அப்படியே நின்றன, சுடுசட்டியைத் தொட்டுவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாதவளைப்போல.

"தள்ளுங்க அக்கா!"

அவள் அசையவில்லை. கம்சாயினி அவளை இடுப்பில் பிடித்து அப்பால் தள்ளினாள். இருக்கையைத் தூக்கி எறிந்தாள். சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு பற்றரி முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. வயர் கழன்றது. மாணவன் தனோஜன் மண்வாளியோடு ஓடிவந்து, தேவைக்கு மேலாகவே கொட்டினான்.

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஓடிய வயர்கள் எல்லாம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கருவாட்டுக் கட்டுபோலக் கிடந்தன.

பியூஸ் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள் கம்சாயினி. அங்கே மடித்துச் செருகியிருந்தது, சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாள்.

அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் பலருக்கும் தெரிந்த வைத்தியம் அது. பியூஸ் போனால் கடையைத் தேடாதே. வெள்ளித்தாளைச் செருகு, ஓட்டு. பியூஸ் என்பது மெல்லிய கம்பித் துண்டு. எங்காவது வயர் உரசி, மின்சாரம் அளவுமீறிப் பாய்ந்தால், தான் உருகி மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். வெள்ளித்தாள் லேசில் உருகாது. தன்னைக் காப்பாற்றிக்கொண்டு வண்டியை எரியவிடும்.

"அவர் இப்பிடித்தான் செய்யிறவர் மிஸ்," என்றாள் சுஜீவா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "பியூஸ் திரும்பத் திரும்பப் போச்சி. லைட் எரிஞ்சாப் போதும் எண்டு நினைச்சு நானும் செருகிட்டன்."

ஆட்டோ அவளுடைய கணவன் ஜூலியனுடையது. மனைவி படிக்கட்டும் என்று காலையில் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

சுஜீவா தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். கைகளைக் கழுவினாள். கழுவிக்கொண்டே நின்றாள். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

*

"இண்டையோட சரி," என்றார் நிலையப் பொறுப்பாளர் நளீர். ஏறாவூர்க்காரர், பயந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார். "இனிக் கரண்ட் உள்ள வண்டியில ஒரு பிள்ளையும் கை வைக்கப்படாது. எல்லாத்தையும் போர்ட்டில கீறிப் படிப்பிங்க."

"நீச்சலையும் கீறிப் படிப்பிக்கலாம் சேர். மறுகா வாவியில இறக்கிப் பார்ப்பமா?"

"நக்கல் வேணாம் கம்சாயினி. அல்லாஹ் காப்பாத்தினான், பெற்றோல் தாங்கிக்கு நெருப்புப் போகல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. "எரியாத ஒண்டச் செஞ்சு கொண்டாங்க. கண்ணால பார்த்தாத்தான் மிச்சம் பேசலாம். அந்த ஆட்டோவுக்குப் புது வயர் செட் நாங்க போட்டுக் குடுப்பம். அது நம்மட கடமை. ஆனா கரண்ட் குடுக்கிறது நான் ஓம் எண்டு சொன்னாப் பிறகு."

எரியாத ஒன்று. கம்சாயினிக்கு அன்று முழுதும் வேறு எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஜூலியன் வந்தான். நடந்து வந்தான்.

"பஸ்ஸில வந்தன் மிஸ். பஸ்ஸில ஏறி எவ்வளவு காலமெண்டா, கொண்டக்டர் என்னைப் பார்த்து, ஊருக்குப் புதுசோ எண்டு கேக்கிறான்."

"அண்ணன், ஆட்டோவுக்கு..."

"ஆட்டோவ விடுங்க." கருகிப்போன வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "நம்மட பக்கத்து வழக்கம் தெரியும்தானே. கல்யாணம் கட்டி அவள்ட வீட்டுக்குப் போனவன் நான். வீடு அவள்ட. வளவு அவள்ட. கிணறும் அவள்ட. ஆட்டோ மட்டும்தான் என்ட எண்டு நெஞ்ச நிமித்திட்டுத் திரிஞ்சன். அதையும் ஒரு கை பார்த்திட்டாள்."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"பாஸ்போட்டை எடுத்து வெளிய வச்சிரிக்காள் மிஸ்."

கம்சாயினி கையிலிருந்த குறட்டை மேசையில் வைத்தாள்.

சுஜீவா குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். மகள் மேர்சி முதல் எழுத்துகளைப் படித்ததே தொலைபேசித் திரையில் தெரிந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால்தான். போன வருடம் திரும்பி வந்தவள், இனிப் போவதில்லை என்றாள். தாண்டவன்வெளி வீட்டுக்கு முன்னால் தெருவைப் பார்த்தபடி ஓர் அறை இருந்தது. அதில் ஸ்கூட்டிக்கும் ஆட்டோவுக்கும் வயரிங் செய்யும் கடை போடப்போகிறேன் என்றாள். அதற்குத்தான் இந்தப் படிப்பு. மாத முடிவில் செய்முறைப் பரீட்சை. சனிக்கிழமை வகுப்பையும் தவறவிட்டால் பரீட்சைக்கு இருக்க முடியாது.

"வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் திங்கக்கிழமை மெடிக்கலுக்கு வரச் சொல்லிரிக்கான்," என்றான் ஜூலியன். "இவளும் ஓம் எண்டுட்டாள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போகாத எண்டன். வண்டி எரிஞ்சதுக்கு ஒரு சொல்லு ஏசல்ல நான். ஏசியிருந்தாக் கூடப் பரவாயில்ல போல." அவன் வேப்பமரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டினான். "வண்டியை எரிச்ச கை, வீடு கூட்டத்தான் சரி எண்டு சொல்றாள் மிஸ். அவள்ட கையை அவளே நம்புறாள் இல்ல."

*

ஒரு முழு பிளைவுட் பலகை. வெள்ளைப் பெயின்ற். எரியாமல் தப்பிய பாகங்களை ஆட்டோவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள் கம்சாயினி. முன்விளக்கு, சாவி, பிரேக் விளக்கு, நான்கு சிக்னல் விளக்குகள். வண்டியில் எது எங்கே இருக்குமோ அந்த ஒழுங்கிலேயே பலகையில் திருகினாள். முன்பக்கம் இடக்கைப் பக்கம், பின்பக்கம் வலக்கைப் பக்கம். நடுவில் புது வயர்கள், கண்ணுக்குத் தெரியும்படி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். கழற்றலாம், மாட்டலாம், மறுபடி கழற்றலாம்.

பலகையின் முதுகில்தான் விசயம் இருந்தது. வரிசையாகச் சின்னச் சின்னச் சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினால் பிரேக் வயர் உள்ளே அறுந்துபோகும். இன்னொன்றைத் தட்டினால் முன்விளக்கு வயர் போய் இரும்பில் உரசும். முன்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆசிரியர் பழுதை ஒளித்துவைப்பார். மாணவர் தேடிப் பிடிக்கவேண்டும்.

ஜூலியன் துளைக்கருவியைப் பிடித்தான். முதல் துளையை மேசைக்கும் சேர்த்துப் போட்டான்.

"அண்ணன், பலகையில மட்டும்."

"மேசையும் படிக்கட்டும் மிஸ்."

தீப்பிடிக்காமல் இருக்க? பியூஸ்களுக்குப் பதிலாக, தவறு நடந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினாள். அதோடு ஒரு பஸர். பிழையென்றால் பஸர் அலறும், எல்லாம் அணையும். வயர் சூடேற நேரமே இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்தாள். தன் வேலையில் தனக்கே கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புதன்கிழமை, ஜூலியன் எப்படியோ சமாதானம் சொல்லி மனைவியைக் கூட்டி வந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று.

சுஜீவா பலகையின் முன்னால் நின்றாள். தன் வீட்டு ஆட்டோவின் விளக்குகளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முன்விளக்கின் ஓரத்திலிருந்த கீறலை விரலால் தடவினாள்.

"ஒரு வயரை மாட்டிப் பாருங்க அக்கா. ஒண்டும் ஆகாது. நான் பக்கத்திலதான் நிக்கன்."

நெடுநேரம் யோசித்தாள். வகுப்பு முழுவதும் தலையைத் திருப்பிக்கொண்டு, பார்க்காததுபோலப் பார்த்தது. அவள் பச்சை வயரை எடுத்தாள். இடம் தேடினாள். மாட்டினாள்.

வீல்ல்ல்!

பஸர் அலறியது. எல்லா விளக்கும் செத்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"மறுகாவும் பத்திட்டு!" என்று கத்தினான் தனோஜன். "வாளியக் கொண்டாங்கடா!"

வகுப்பே சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புத்தான். சுஜீவாவும் உதட்டால் சிரித்தாள். வயரை மெதுவாகக் கழற்றி, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல மேசையில் வைத்தாள்.

"நல்லாச் செஞ்சிரிக்கீங்க மிஸ்," என்றாள். "இந்தப் பிள்ளைகளுக்கு உதவும்."

போய்விட்டாள்.

"பகிடிக்குத்தான் மிஸ்," என்றான் தனோஜன், முகம் செத்து.

"தெரியும்," என்றாள் கம்சாயினி.

அவனில் பிழை இல்லை. அந்தச் சிரிப்பை எழுப்பிவிட்டது பஸர். பஸரைப் பூட்டியது அவள்.

*

வியாழக்கிழமை பின்னேரம் கம்சாயினி தாண்டவன்வெளிக்குப் போனாள். என்ன பேசுவதென்று தெரியாமலே போனாள்.

வீட்டுக்குப் பின்னால் சற்றுத் தூரத்தில் வாவி வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. குசினியிலிருந்து இறால் கறி மணத்தது. சமைத்தவன் ஜூலியன். மனைவி வெளிநாட்டில் இருந்த காலத்தில் பழகிய கை, இப்போதும் விடவில்லை. சுஜீவா விறாந்தையில் மகளின் பாடசாலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ். இரிங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"அக்கா, சனிக்கிழமை..."

"மேர்சிக்கு இந்த வருசம் ஸ்கொலசிப் சோதினை," என்றாள் சுஜீவா அவசரமாக. பிறகு மழையைப் பற்றிச் சொன்னாள். வாவியில் இறால் குறைந்துபோனதைப் பற்றிச் சொன்னாள். கம்சாயினி எந்தப் பக்கத்தால் உள்ளே போகப் பார்த்தாலும் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

"சுஜி, இஞ்ச ஒருக்கா வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சுஜீவா எழுந்து போனாள். விறாந்தையிலிருந்தே குசினி தெரிந்தது. ஜூலியன் அகப்பையை நீட்டினான். அவள் உள்ளங்கையில் ஒரு துளி வாங்கி நாக்கில் வைத்தாள். ஒரு கணம் கண்களை மூடினாள்.

கம்சாயினிக்குப் புரிந்தது. உப்பு. அதுவும் லேசான உப்பு இல்லை.

 சுஜீவா தேங்காய்ப்பாலை எடுத்துக் கொஞ்சம் விட்டாள். கலக்கினாள். மறுபடி அவனிடமே அகப்பையைக் கொடுத்து, ருசி பார்க்கும்படி கண்ணைக் காட்டினாள். அவன் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் விட்டான். மறுபடி ருசி பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை. யாரும் அடுப்பை அணைக்கவும் இல்லை. உப்புக் கூடியது தெரிந்தது. எவ்வளவு கூடியது என்பதும் தெரிந்தது. சரிவரும்வரை அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

கம்சாயினி எழுந்துவிட்டாள்.

"என்ன மிஸ், சாப்பிடல்லையா?"

"இன்னொரு நாளைக்கு வாறன் அக்கா. கோவிக்காதீங்க."

"என்ட கறிக்குப் பயந்து ஓடுறா," என்றான் ஜூலியன். "கண்ணால கண்டிட்டா போல."

பஸ்ஸில் போகும்போது அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எவ்வளவு முட்டாள்தனம்! பிழை விட்டவுடன் அலறி, எல்லாவற்றையும் அணைத்துவிடும் பலகை. எங்கே பிழை, எவ்வளவு பிழை என்று பார்க்கவே விடாத பலகை. அதைச் செய்துவிட்டுப் பெருமை வேறு!

விடை அவள் வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டுப்போன விசயம்தான். கராஜ்களில் சிலர் செய்வது. பியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு முன்விளக்கு பல்பை மாட்டிவிடு. வயர் எங்காவது இரும்பில் உரசினால், பாய்கிற மின்சாரத்தையெல்லாம் அந்தப் பல்பு தான் வாங்கிக்கொண்டு பளிச்சென்று எரியும். வயர் சூடேறாது. எதுவும் கருகாது. உரசுகிற வயரைக் கழற்றினால் பல்பு மங்கிவிடும். எந்த வயரைத் தொட்டபோது மங்கியதோ, பழுது அங்கே.

*

வெள்ளிக்கிழமை காலை, பஸரைக் கழற்றியவன் தனோஜன். அவனாகவே கேட்டு வாங்கிச் செய்தான். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு பியூஸ் இடத்திலும் ஒரு பல்பு இருந்தது.

"சேர், வாங்க. வந்து எரிச்சுக் காட்டுங்க."

நளீர் தூரத்திலேயே நின்றார். "நான் பாக்கன். நீங்க செய்யுங்க."

"உங்கட கையால செய்யணும் சேர். எவ்வளவு பெரிய பிழை விடத் தெரியுமோ, விடுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். ஒரு வயரை எடுத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, சாவியிலிருந்து நேரே இரும்புக்குக் கொடுத்தார். பலகையில் இதைவிடப் பெரிய பிழை இல்லை.

பல்பு எரிந்தது. அழகாக, அமைதியாக, மஞ்சள் வெளிச்சத்தில்.

நளீர் ஒரு கண்ணைத் திறந்தார். மற்றதையும் திறந்தார். வயரைத் தொட்டுப் பார்த்தார். "குளிரா இரிக்கே!" கழற்றினார். அணைந்தது. மாட்டினார். எரிந்தது. பிறகு இன்னொரு வயர். பிறகு இரண்டையும் சேர்த்து. ஐம்பதைத் தாண்டிய மனுசன் வரிசையாகப் பிழை விட்டுக்கொண்டே போனார். முகத்தில் பெருநாள் காலைச் சிரிப்பு.

"சேர், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்றான் தனோஜன்.

"போடா. உனக்கு ஆயுள் முழுக்கக் கிடக்கு."

புது வயர் செட் பூட்டிய ஆட்டோ வேப்பமரத்தின் கீழே நின்றது, இன்னும் மின்சாரம் கொடுக்கப்படாமல். கம்சாயினி அதைப் பார்த்தாள். நளீர் அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு அந்தத் தங்கச்சி வருவாவா?" என்று கேட்டார்.



*

சனிக்கிழமை சுஜீவா வந்தாள்.

வகுப்புக்கு அல்ல. சேர்ந்தபோது கொடுத்த பாடசாலைச் சான்றிதழைத் திருப்பி வாங்க. ஏஜென்ட் அதன் மூலப்பிரதியைக் கேட்டிருந்தான்.

"ஓ... அதுவா," என்றார் நளீர். அலுமாரியைப் பார்த்தார். "சாவியக் காணல்லையே தங்கச்சி. கொஞ்சம் இரிங்க. தேடுறன்."

சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியில் அசைந்தபோது காற்சட்டைப் பைக்குள் சாவிக்கொத்து கிலுங்கியது. சுஜீவாவுக்குக் கேட்டது. மரியாதைக்காகக் கேட்காததுபோல வாசலில் வந்து நின்றாள்.

அங்கிருந்து பட்டறை நேரே தெரிந்தது. பலகையைச் சுற்றி வகுப்பு நின்றது. பலகைக்கு முன்னால் நின்றவன் ஜூலியன்!

அவளோடு பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன். இப்போது கையில் இரண்டு வயர்களோடு, கடைக்கு வந்து சாமானின் பெயரை மறந்தவனைப்போல நின்றான்.

"இது பிரேக் லைட்டுக்கு," என்றான். "இது... இதுவும் பிரேக் லைட்டுக்குத்தான் போல."

மாட்டினான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இல்ல போல," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. இல்லை, சிரித்தார்கள், ஆனால் அவனோடு சேர்ந்து. "அண்ணே, அந்தப் பல்பு உங்களைக் கண்டு சந்தோசப்படுது," என்றான் தனோஜன். ஜூலியன் அதைக் கழற்றி இன்னோரிடத்தில் மாட்டினான். மறுபடி எரிந்தது. மூன்றாவது இடம். அதற்கும் எரிந்தது. கம்சாயினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை காலம் ஆட்டோ ஓட்டிய அந்த மனிதனுக்கு வயரிங் என்றால் உண்மையிலேயே ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சற்றுமுன் பட்டறைக்குள் வந்து, "என்னை முன்னால நிக்க விடுங்க மிஸ்," என்று கேட்டவன் அவன்தான்.

நான்காவது தடவை அவன் சிக்னல் வயரைக் கொண்டுபோய்ப் பிரேக் சுவிட்சில் வைக்கப் பார்த்தான்.

"அதில்ல!"

வாசலிலிருந்து வந்த குரல். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள் என்று அந்த வகுப்புக்கே தெரிந்திருந்தது.

"எதில்ல?" என்றான் ஜூலியன், பலகையைப் பார்த்தபடியே.

"கறுப்புக் கோடு போட்டது சிக்னலுக்கு. மஞ்சள எடுங்க."

"எந்த மஞ்சள்?"

"ஐயோ, கைக்குக் கிட்ட இரிக்கு. அது இல்ல. அங்கால. உங்களுக்குக் கண் என்னத்துக்கு?" பேசிக்கொண்டே நடந்து வந்தாள். "விடுங்க. இஞ்ச தாங்க."

வாங்கினாள். மாட்டினாள்.

பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

கையை வெடுக்கென்று இழுத்தாள். முகம் வெளிறியது. மூக்கு விரிந்தது. கம்சாயினிக்குப் புரிந்தது. அவள் மணத்துக்காகக் காத்திருக்கிறாள்.

 பல்பு எரிந்துகொண்டே இருந்தது. அதற்கு அவசரம் இல்லை. வேப்பமரத்தில் ஒரு காகம் கத்திவிட்டுப் பறந்தது.

"மணம் வரல்ல," என்றாள் சுஜீவா, யாரிடமோ.

"வராது அக்கா," என்றாள் கம்சாயினி. "விருப்பமான நேரம் எரியட்டும். நீங்க ஆறுதலாப் பாருங்க. வயரைத் தொட்டும் பாருங்க."

அவள் ஒரு விரலை நீட்டி மஞ்சள் வயரைத் தொட்டாள். சூடு இல்லை. விரலை எடுக்காமல் அதன்மேலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நான் சரியாத்தான் மாட்டினன்," என்றாள் மெதுவாக. "ஆனா எரியிது. அப்ப பிழை என்னில இல்ல. வயரில எங்கேயோ உரசுது. நீங்க பின்னால என்னமோ செஞ்சு வச்சிரிக்கீங்க."

கம்சாயினி பலகையைக் கண்ணால் காட்டினாள். 

சுஜீவா பின்பக்க வயரைக் கழற்றினாள். பல்பு அசையவில்லை, அதே வெளிச்சம். மாட்டினாள். பிரேக் மிதியிலிருந்து வருவதைக் கழற்றினாள். அதே வெளிச்சம். நெற்றியில் வியர்வை வந்தது, முழங்கையால் துடைத்தாள். நடுவிலிருந்த ஒரு சின்ன இணைப்பைப் பிடித்து இழுத்தாள்.

பல்பு அணைந்தது.

திரும்ப மாட்டினாள். எரிந்தது. இழுத்தாள். அணைந்தது.

"இதுக்குள்ளதான்," என்றாள். இந்தத் தடவை குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரவில்லை. "இந்தத் துண்டுக்குள்ளதான் உரசுது மிஸ். சரியா?"

"சரி."

தனோஜன் கைதட்டப் போனான். ஜூலியன் அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் இன்னும் முடிக்கவில்லை. அவள் கண்கள் பலகையைத் தாண்டி, முற்றத்தில் நின்ற நீல ஆட்டோவில் இருந்தன.

அலுவலக வாசலில் நளீர் வந்து நின்றார். கையில் சாவிக்கொத்து.

"சேர்?" என்றாள் கம்சாயினி.

அவர் ஆட்டோவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

"பல்பப் போட்டுட்டுக் குடுங்க," என்றார். "ஓம்."

*

வகுப்பு முழுவதும் ஆட்டோவைச் சுற்றி நின்றது.

ஆட்டோவின் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பல்பு மாட்டியிருந்தது. சுஜீவா பற்றரி வயரைக் கையில் பிடித்திருந்தாள். அது அவளுடைய வேலை என்று யாரும் சொல்லவில்லை. வேறு யாரும் அதைத் தொடவும் இல்லை.

வைத்தாள். திருகினாள்.

"சாவியப் போடுங்க," என்றாள் கணவனிடம்.

ஜூலியன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். கைவிரல்கள் அவசரமாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் போட்டன. சாவியைத் திருப்பினான்.

பல்பு எரியவில்லை.

"லைட்."

முன்விளக்குச் சுவிட்சை அழுத்தினான். பல்பு மங்கலாக, தூக்கக் கண்போலச் சிவந்தது. முன்விளக்கும் மங்கலாகச் சிவந்தது. இரண்டும் அந்த மின்சாரத்தைப் பாதி பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டன. அப்படித்தான் இருக்கவேண்டும். எங்கும் உரசல் இல்லை.

"மிஸ்?" என்றாள் சுஜீவா.

"நீங்கதான் சொல்லணும் அக்கா."

சுஜீவா இருக்கைக்குக் கீழே முழுதாகக் குனிந்து பார்த்தாள். மணந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கையை நீட்டினாள். கம்சாயினி அந்தக் கையில் ஒரு புது பியூஸை வைத்தாள்.

பல்பைக் கழற்றினாள். பியூஸை வைத்து, கட்டைவிரலால் அமத்தினாள். அமத்திய விரலை எடுக்கவில்லை.

"போடுங்க."

முன்விளக்கு வேப்பமரத்தின் அடிமரத்தில் வெள்ளையாக அடித்தது. பட்டப்பகலிலேயே கண் கூசியது. பிரேக். எரிந்தது. வலப்பக்கச் சிக்னல். டிக், டிக், டிக். வகுப்பு மூச்சுவிட்டது. நளீர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னார்.

ஜூலியன் இடப்பக்கச் சிக்னலைப் போட்டான்.

டிக்டிக்டிக்டிக்டிக். வழமையைவிட வேகமாகத் துடித்தது. முன்னால் மட்டும்தான் எரிந்தது, பின்னால் இருட்டு.

 இது கம்சாயினி ஒளித்துவைத்த பழுது அல்ல. பலகையில் இல்லாத பழுது. இந்த நேரம் பார்த்தா? ஒரு சின்ன இடறல் போதும், இவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட. ஓடிப்போய்த் தானே சரிசெய்துவிட வேண்டும் என்று கால் துடித்தது. ஒரு அடி வைத்தும் விட்டாள்.

சுஜீவா அங்கே இல்லை. ஏற்கெனவே வண்டிக்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள்.

"பின்னுக்கு எர்த் இல்ல, கரண்ட் திரும்பிப் போக வழியில்ல," என்று அங்கிருந்து குரல் வந்தது. "ஆணி துருப்பிடிச்சிரிக்கு. வாவிக்கரை வீட்டில நிப்பாட்டினா இதுதான். இவருக்கு எத்தினை தரம் சொன்னன், வண்டிய மூடி வைங்க எண்டு. மிஸ், சின்ன அரம் ஒண்டு இரிக்கா?"

தனோஜன் அரத்தைத் தேடி ஓடினான். அவள் விளக்கின் மூடியைக் கழற்றி வாயில் கவ்வி, இரண்டு கைகளையும் வயர்களுக்குள் விட்டிருந்தாள். வண்டியில் மின்சாரம் இருந்தது. அவள் அதை நினைத்ததாகவே தெரியவில்லை.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது.

"ஆரெண்டு பாருங்க," என்றாள், மூடியைக் கவ்விய பற்களுக்கிடையால்.

ஜூலியன் எடுத்துப் பார்த்தான்.  தொலைபேசி கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தே கம்சாயினிக்கு யாரென்று விளங்கிவிட்டது.

"ஏஜென்ட்," என்றான்.

சுஜீவாவின் கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீங்களே கதைங்க."

"என்ன சொல்ல?"

"மெடிக்கலுக்கு வரமாட்டன் எண்டு சொல்லுங்க. நல்ல விதமாச் சொல்லுங்க, பாவம், அவரும் அலைஞ்சவர்." தனோஜன் நீட்டிய அரத்தை வாங்கினாள். "சொல்லிட்டு அங்கால நிண்டு கதைங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

ஜூலியன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு விலகி நின்றான்.  அவனுடைய நிழல் விலகிய இடத்தில் வெயில் அவள் கைகளின்மேல் விழுந்தது. அவள் துருவைச் சுரண்டத் தொடங்கினாள்.